வீட்டுக்கு வாங்கிய உத்தரவாதம்

பத்திரிகைத் தொழிலில் நான் அடியெடுத்து வைத்தது செய்தியாளனாக அன்று, ஒப்புநோக்குநனாகத்தான். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலம் அது. கொழும்பில் நான் பணியாற்றிய நாளேட்டில், புதிதாகச் சேர்ந்தவர்களிடம் முதலில் தள்ளிவிடப்படுவது சட்ட அறிவித்தல்கள். காணி ஏலம், கேள்விப்பத்திரம், கூட்டுத்தாபனங்களின் ஒப்பந்த நிபந்தனைகள் எல்லாம் ஆறு பொயின்ற் எழுத்தில் எறும்புச் சாரை போல் ஓடும். அங்கே ஒரு "அல்லாத" விடுபட்டாலும் நிறுவனம் வழக்குக்கு நிற்கும். எனவே நுணுக்கமான எழுத்தை அஞ்சாமல் வாசிக்கும் பழக்கம் எனக்கு இளமையிலேயே வந்துவிட்டது என்று நீண்ட காலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெருமை 2023ஆம் ஆண்டு சனவரியில், அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், என் தங்கையின் மகளது வீட்டு நிலக்கீழறையில் வைத்து உடைந்தது. அந்தக் கதையைத்தான் இங்கு எழுதுகிறேன். புலம்பெயர்ந்த நம்மவர்களிற் பலர் இன்று வீடு வாங்கும் வயதில் இருக்கிறார்கள். யாருக்கேனும் பயன்படக்கூடும்.

மருமகளும் அவள் கணவரும் 2020 இலையுதிர் காலத்தில் அந்த வீட்டை வாங்கினார்கள். 1960களில் கட்டப்பட்ட, மூன்று படுக்கையறை கொண்ட வீடு. கொவிட் காலத்தில் வீட்டுக்கு அடிபிடி. வீட்டுப் பரிசோதகர் கொடுத்த அறிக்கையில், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் 1998இல் தயாரிக்கப்பட்டது, பரிசோதனை நாளில் இயங்கியது, ஆனால் தன் வழமையான ஆயுளைக் கடந்துவிட்டது என்று ஒரு வரி இருந்தது. எரிவாயு ஃபேர்னஸ் ஒன்றின் ஆயுள் பொதுவாக 15 முதல் 20 ஆண்டு. விலையைக் குறைக்கும்படி கேட்டார்கள். விற்பவர் விலையைக் குறைக்கவில்லை. பதிலாக, ஓர் ஆண்டுக்கு வீட்டு உத்தரவாதம் வாங்கித் தருகிறேன் என்றார். முகவரும் அது பெரிய சலுகை என்றார். அறுநூறு டொலருக்கு உட்பட்ட செலவில் பல ஆயிரம் டொலர்ப் பேச்சு அத்துடன் முடிந்தது. அமெரிக்காவில் இந்த உத்தரவாதங்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஒரு வீட்டுக்குள் நுழைகின்றன.

எங்கள் ஊரில் வானொலிப்பெட்டி வாங்கினாலும் தையல் இயந்திரம் வாங்கினாலும் "கரண்டி இருக்கோ?" என்றுதான் கேட்பார்கள். ஆங்கிலச் சொல்லை நம்மவர் வாய் அப்படி வளைத்து வைத்திருந்தது. பொருளோடு ஏன் அகப்பையும் கொடுக்கிறார்கள் என்று சிறுவயதில் நான் குழம்பியதுண்டு. அந்தக் "கரண்டி"யும், இங்கு நான் சொல்லும் வீட்டு உத்தரவாதமும் ஒன்றல்ல. முதலாவது, பொருளைச் செய்தவன் அல்லது விற்றவன் தன் பொருளுக்குக் கொடுக்கும் வாக்கு. அதற்குத் தனிவிலை இல்லை. இரண்டாவது, அந்தப் பொருளைச் செய்யாத, விற்காத, கண்ணாலும் காணாத ஒரு நிறுவனம், ஆண்டுதோறும் பணம் வாங்கிக்கொண்டு, பழுதுபட்டால் ஆளை அனுப்புகிறேன் என்று செய்துகொள்ளும் ஒப்பந்தம். அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மக்னுசன்–மொஸ் உத்தரவாதச் சட்டமும் இந்த வேறுபாட்டைச் செய்கிறது. தனியாகப் பணம் கொடுத்து வாங்குவதை அது உத்தரவாதம் என்று அழைப்பதில்லை, சேவை ஒப்பந்தம் என்றே அழைக்கிறது. ஆனால் விளம்பரத்தில் உத்தரவாதம் என்ற சொல்தான் நிற்கும்.

வீட்டுக் காப்புறுதியும் வேறு. தீ, புயல், களவு, திடீரென வெடித்த குழாயால் வந்த சேதம் போன்றவற்றுக்குக் காப்புறுதி. கடன் கொடுத்த வங்கி அதைக் கட்டாயமாகக் கேட்கும். தேய்மானத்தால் இயந்திரம் நின்றுபோனால் காப்புறுதி திரும்பியும் பாராது. அந்த இடைவெளியைக் கண்டுதான் இந்த வணிகம் பிறந்தது. 1971இல் தொடங்கிய அமெரிக்கன் ஹோம் ஷீல்ட் இதன் முன்னோடிகளுள் ஒன்று. இன்று பல நிறுவனங்கள் இருக்கின்றன. கலிபோர்னியாவில் காப்புறுதித் திணைக்களமே இவற்றை மேற்பார்வை செய்கிறது. எல்லா மாநிலங்களிலும் அப்படியில்லை. என் மருமகள் ஒப்பந்தம் செய்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஒரு குடும்பத்தின் அனுபவத்தை வைத்து ஒரு நிறுவனத்துக்குத் தீர்ப்பெழுதுவது முறையன்று. மேலும், அதன் ஒப்பந்தத்தில் நான் கண்ட நிபந்தனைகளைச் சற்று வேறு சொற்களில் ஏனைய நிறுவனங்களின் ஒப்பந்தங்களிலும் பின்னர் கண்டேன்.

முதலாண்டு நன்றாகவே போயிற்று என்பதை மறைக்கக் கூடாது. 2021 வசந்தத்தில் வெந்நீர்த் தாங்கி அடியில் ஒழுகியது. அழைத்தார்கள். 75 டொலர் வருகைக் கட்டணம். மூன்றாம் நாள் புதிய தாங்கி பூட்டப்பட்டது. பழையதை அகற்றுவதற்கும் நகராட்சி அனுமதிக்கும் ஒப்பந்தம் பொறுப்பல்ல என்று 390 டொலர் தனியாக வாங்கினார்கள். அப்படியிருந்தும் வெளியே செய்திருந்தால் 1,500 டொலர் ஆகியிருக்கும். பிள்ளைகள் மகிழ்ந்தார்கள்.

அந்த ஆண்டு ஒக்டோபரில் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தபோது மருமகள் தொலைபேசியில் கேட்டாள்: "மாமா, இதைப் புதுப்பிக்கவோ? 589 டொலர் கேக்கினம். இவர் வேண்டாம் எண்டுறார்."

"பழைய வீடு, பிள்ளை. கையிலை ஒரு கடதாசி இருக்கிறது நல்லது" என்றேன்.

நான் அந்தக் கடதாசியை வாசிக்கவில்லை. கேட்டு வாங்கவுமில்லை. ஆறு பொயின்ற் எழுத்தில் வளர்ந்த மனிதன், பார்க்காத ஒப்பந்தத்துக்குப் பரிந்துரை செய்தேன். அடுத்த ஆண்டு அது தானாகவே 648 டொலருக்குப் புதுப்பிக்கப்பட்டது. கடனட்டை இலக்கம் அவர்களிடம் இருந்தால் அப்படித்தான்.

அந்த இரண்டாம் ஆண்டில் பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒருமுறை திருத்தப்பட்டது. 2022 கோடையில் குளிரூட்டி குளிர் தரவில்லை. வந்தவர், வாயு கசிந்துவிட்டது என்றார். அது 2006ஆம் ஆண்டு இயந்திரம். ஆர்-22 என்ற பழைய வாயுவில் இயங்குவது. ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்பதால் 2020 சனவரி 1 முதல் அமெரிக்காவில் அந்த வாயுவைப் புதிதாக உற்பத்தி செய்யவோ இறக்குமதி செய்யவோ முடியாது. எஞ்சியிருக்கும் இருப்பு யானை விலை. ஒப்பந்தமோ இறாத்தலுக்கு 10 டொலர் மட்டும் தரும் என்றது. சந்தை விலை அதைப் போலப் பல மடங்கு. கசிவைத் தேடும் கூலி ஒப்பந்தத்தில் இல்லை. 85 டொலர் வருகைக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு, மின்விசிறியோடு கோடையைக் கழித்தார்கள். மருமகளின் கணவர் அப்போதே என்னைப் பற்றி ஏதேனும் சொல்லியிருப்பார். என் காதுக்கு வரவில்லை.

அந்தத் தம்பி கணினித் துறையில் வேலை பார்த்தவர். 2022 நவம்பரில் பெரிய நிறுவனங்கள் ஆட்களைக் கூட்டங்கூட்டமாக நிறுத்தியபோது அவருடைய வேலையும் போயிற்று. நான் தைப்பொங்கலுக்குத் தங்கையோடு இருக்கலாம் என்று சனவரியில் போய்ச் சேர்ந்தபோது, வீட்டில் ஒரு சம்பளம்தான் வந்துகொண்டிருந்தது. பொங்கல் முடிந்து நான்காம் நாள் இரவு, காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி அலறியது. எல்லோரும் மேலங்கியோடு முற்றத்துக்கு ஓடினோம். தீயணைப்புப் படையினர் வந்து, வீட்டைக் காற்றாட விட்டு, ஃபேர்னஸின் எரிவாயுக் குழாயை மூடினார்கள். வெப்பமாற்றி என்று ஓர் உறுப்பு உண்டு. எரிந்த புகை அதன் உள்ளே ஓடும். வீட்டுக்காற்று அதன் வெளியே ஓடிச் சூடாகும். அதில் வெடிப்பு விழுந்தால் உள்ளே இருக்கும் நச்சு வாயு வெளியே வந்து படுக்கையறை வரை போகும். அந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. சுவரில் மாட்டிய சிறு கருவிதான் அன்று ஐந்து உயிர்களைக் காத்தது.

உத்தரவாத நிறுவனத்துக்கு அன்றிரவே அறிவித்தோம். அவசரத் தேவை என்றால் 48 மணிக்குள் ஆள் வரும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. நான்காம் நாள்தான் வந்தார். அதற்கிடையில் நாமே ஒருவரை அழைக்கக் கூடாதா என்று வாசகர்கள் கேட்கலாம். அங்குதான் பொறி இருக்கிறது. நிறுவனத்தின் முன் அனுமதியின்றி வேறு எவரேனும் இயந்திரத்தில் கைவைத்தால் அந்தக் கோரிக்கைக்குப் பணமில்லை. வெளியே உறைநிலைக்குக் கீழ் ஏழெட்டுப் பாகை. உள்ளே இரண்டு மின்சூடாக்கிகள். 78 வயதான என் தங்கையைத் தோழி ஒருவர் வீட்டுக்கு அனுப்பினோம். குழாய் உறைந்து வெடித்துவிடக் கூடாதென்று இரவு முழுக்கத் தண்ணீரைத் துளித்துளியாக ஒழுக விட்டோம். கையில் கடதாசி இருந்ததனால்தான் அந்தக் குளிரில் காத்திருந்தோம். இல்லாவிட்டால் மறுநாளே பக்கத்து ஊர் ஆளைப் பிடித்திருப்போம்.

வந்தவர் வெடிப்பை உறுதிப்படுத்தி, சிவப்புத் துண்டு ஒன்றை இயந்திரத்தில் கட்டிவிட்டு, 100 டொலர் வாங்கிக்கொண்டு போனார். ஆறாம் நாள் மின்னஞ்சல் வந்தது. கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. காரணங்கள் இரண்டு: முறையாகப் பராமரித்ததற்குச் சான்றில்லை, வீட்டுப் பரிசோதகரின் அறிக்கைப்படி குறைபாடு ஒப்பந்தத்துக்கு முன்பே இருந்தது.

மருமகளின் கணவர் அந்த மின்னஞ்சலைச் சத்தமில்லாமல் வாசித்துவிட்டுக் கைத்தொலைபேசியை என் முன்னால் வைத்தார். "மாமா, நீங்கள்தானே கடதாசி நல்லது எண்டனீங்கள்" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அன்றிரவு ஒப்பந்தத்தை அச்சிட்டுத் தரும்படி கேட்டேன். 22 பக்கம். கம்பளிக்குள் இருந்தபடி, சிவப்புப் பேனையோடு, பழைய ஒப்புநோக்கு மேசையில் இருப்பதாக எண்ணிக்கொண்டு இரண்டு முறை வாசித்தேன். இப்படியான ஒப்பந்தத்தை எங்கிருந்து வாசிக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டால், நடுவிலிருந்து என்பேன். முன்பக்கத்தில் எவை அடங்கும் என்ற பட்டியல் பெரிய எழுத்தில், படங்களோடு இருக்கும். எவை அடங்கா என்பது பின்னால் இருக்கும். ஆனால் பணத்தைத் தீர்மானிப்பது இரண்டுக்கும் இடையில், வரைவிலக்கணங்களுக்குள்ளும் உச்சவரம்புகளுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது.

அங்கே நான் கண்டவற்றுள் சில. ஃபேர்னஸுக்கு உச்சவரம்பு 3,000 டொலர். திருத்துவதா, மாற்றுவதா, பணமாகக் கொடுப்பதா என்பதை நிறுவனம் மட்டுமே தீர்மானிக்கும். பணமாகக் கொடுத்தால், நாம் கடையில் கொடுக்கும் விலையன்று, நிறுவனம் தன் மொத்தக் கொள்வனவில் கொடுக்கும் விலை. இன்றைய கட்டட விதிகளுக்கு ஏற்ப எதையேனும் மாற்ற வேண்டுமானால் அந்தச் செலவு நம்முடையது. பிணக்கு வந்தால் நீதிமன்றம் போகாமல் நடுத்தீர்ப்புக்குப் போக வேண்டும்.

ஆனால் பதினோராம் பக்கத்தில் ஒரு வாசகம் நமக்குச் சார்பாகவும் இருந்தது. ஒப்பந்தம் தொடங்கிய நாளில் கண்ணால் பார்த்தும், இயக்கிப் பார்த்தும் கண்டறிய முடியாத குறைபாடு முன்பே இருந்திருந்தாலும், அது அடங்கும். பரிசோதகரின் அறிக்கை என்ன சொன்னது? இயந்திரம் கிழடு என்றது, பழுது என்று சொல்லவில்லை. அன்று இயங்கியது என்றும் தெளிவாக எழுதியிருந்தது. முதுமை குறைபாடாகுமா? ஆகுமென்றால் என்னையும் எந்த ஒப்பந்தத்திலிருந்தும் விலக்கிவிடலாம். மேலும், பராமரிப்புச் சான்று இல்லை என்றார்கள். 2021 இலையுதிர் காலத்தில் ஒருவர் வந்து துப்புரவாக்கிய பற்றுச்சீட்டு ஒன்றை மருமகள் மின்னஞ்சல் குவியலுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தாள். 2022க்கு இல்லை. கணவரின் வேலை போன இலையுதிர் காலம் அது. 140 டொலரை மிச்சம் பிடித்திருந்தார்கள்.

மேன்முறையீட்டுக் கடிதத்தை நான் எழுதினேன். கோபச்சொல் ஒன்றும் இல்லை. பக்க இலக்கம், பந்தி இலக்கம், அறிக்கையின் அந்த வரி, பற்றுச்சீட்டின் பிரதி. அடியில், பிரதி: நியூ ஜேர்சி நுகர்வோர் விவகாரப் பிரிவு. அதற்கு உண்மையிலேயே ஒரு பிரதியை அனுப்பினோம். ஆனால் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நிராகரிப்பு எழுத்தில் வந்துவிட்டபடியால் இனி வேறு ஆளை அழைக்கலாம் என்று தம்பி துணிந்துவிட்டார். அது சரியான முடிவு. ஒன்பதாம் நாள் புதிய ஃபேர்னஸ் பூட்டப்பட்டது. 5,200 டொலர். கடனட்டையில்.

அத்துடன் முடியவில்லை. பழைய ஃபேர்னஸும் வெந்நீர்த் தாங்கியும் ஒரே புகைபோக்கியைப் பயன்படுத்தி வந்தவை. புதிய வகை ஃபேர்னஸ் தன் புகையைப் பிளாஸ்ரிக் குழாய் வழியே சுவரூடாக வெளியே தள்ளுகிறது. அகன்ற புகைபோக்கிக்குள் தாங்கி இப்போது தனித்துப் போயிற்று. அதன் சிறிதளவு புகை மேலேற வேண்டிய சூட்டைப் பெறாது, ஈரமாகப் படியும், அல்லது வீட்டுக்குள் திரும்பும். எனவே புகைபோக்கிக்குள் ஒடுங்கிய உலோகக் குழாய் ஒன்றை இறக்க வேண்டும். இன்னும் 1,200 டொலர். பழைய வீட்டில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று ஆடும் என்பது நம்மூர் ஓட்டுவீடுகளில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியாததன்று. வட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டுக் கதவு கார்த்திகை மழையில் ஊதி இறுகிவிடும். அதைச் செய்த ஒடாவியார் ஆண்டுதோறும் சீவுளியோடு வந்து விளிம்பைச் சீவிவிட்டு, ஒரு தேநீர் குடித்துப் போவார். கதவு செய்து பதினைந்து ஆண்டு கழிந்த பின்னும் வந்தார். இங்கே அப்படியான ஒடாவியாரைத் தேடுவதில் பொருளில்லை. வீட்டைக் கட்டியவர் எந்த மாநிலத்தில் புதைக்கப்பட்டிருக்கிறாரோ.

பெப்ரவரி நடுப்பகுதியில் நிறுவனத்தின் பதில் வந்தது. "நல்லெண்ணத்தின் அடிப்படையில் மீளாய்வு செய்து" 1,650 டொலர் தருவதாக எழுதியிருந்தார்கள். அவர்களது கொள்வனவு விலை அதுவாம். வாங்கிக்கொண்டோம்.

பின்னர் ஒருநாள் நானும் தம்பியும் மேசையில் இருந்து கணக்குப் பார்த்தோம். விற்பவர் கொடுத்த முதலாண்டை விட்டுவிடலாம், அது இனாம். இரண்டு புதுப்பித்தலுக்கும் 1,237 டொலர். பாத்திர இயந்திரம், குளிரூட்டி, ஃபேர்னஸ் ஆகிய மூன்று வருகைக்கும் 270 டொலர். மொத்தம் 1,507. கிடைத்தது, ஃபேர்னஸுக்கு 1,650, பாத்திர இயந்திரத் திருத்தம் வெளியே செய்தால் 200 என்று வைத்தால், 1,850. அதாவது 343 டொலர் இலாபம்! தம்பி சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். கடிதம் எழுதாமல் விட்டிருந்தால் 1,307 டொலர் நட்டம். எவ்வளவு பேர் நிராகரிப்பு மின்னஞ்சலோடு பேசாமல் இருந்துவிடுகிறார்களோ, அவ்வளவுக்கு இந்த வணிகம் செழிக்கிறது என்று நான் நினைக்கிறேன். இரண்டு வேலை பார்ப்பவருக்கும், ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தயங்குபவருக்கும் 22 பக்கத்தை இரவில் வாசிக்க நேரமேது?

அப்படியானால் வாங்கலாமா, கூடாதா? என் எண்ணத்தைச் சொல்கிறேன். விற்பவர் வாங்கித் தந்தால் வேண்டாமென்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதற்காக விலைப்பேச்சை விட்டுக்கொடுக்கக் கூடாது. அந்த ஃபேர்னஸைக் காட்டி 3,000 டொலர் குறைப்பித்திருந்தால் இக்கதையே இல்லை. புதிய வீடு, புதிய இயந்திரங்கள் என்றால் செய்தவர்களின் உத்தரவாதமே ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு மேல் இன்னொன்று வாங்குவது குடைக்குக் குடை பிடிப்பது. இயந்திரங்கள் நடுவயதில் இருந்து, கையில் நாலைந்தாயிரம் டொலர் சேமிப்பும் இருந்தால், ஒப்பந்தக் காசை மாதாமாதம் தனிக்கணக்கில் போடுவதே நல்லது. இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 500 முதல் 900 டொலர் கேட்கிறார்கள். உச்சவரம்பு 1,500, 3,000 என்று நிற்கும் ஒப்பந்தம் பெரிய இழப்பிலிருந்து ஒருவரைக் காப்பதில்லை. பெரிய இழப்பைத் தாங்கத்தானே காப்பு வேண்டும்? சிறிய செலவைத் தாங்கிப் பெரிய செலவைக் கைவிடுவது தலைகீழ்க் காப்பு.

இதைவிட மோசமானது தபாலில் வருவது. அமெரிக்காவில் வீட்டு உறுதிப் பதிவுகள் யாரும் பார்க்கக்கூடியவை. வீடு வாங்கிய சில வாரங்களில், கடன் கொடுத்த வங்கியின் பெயரைத் தூக்கலாக அச்சிட்டு, "இறுதி அறிவித்தல், உங்கள் வீட்டு உத்தரவாதம் காலாவதியாகப் போகிறது" என்று கடிதங்கள் வரத் தொடங்கும். வங்கிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இல்லாத உத்தரவாதம் எப்படிக் காலாவதியாகும்? அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணைக்குழுவே மக்களை எச்சரித்திருக்கிறது. கிழித்துப் போடலாம்.

கனடாவில் இருக்கும் உறவினர்கள் இதை வாசித்துவிட்டு, எங்களுக்கும் ராறியன் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். அது முற்றிலும் வேறு. ஒன்ராறியோவில் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி புதிதாகக் கட்டிய வீட்டுக்குக் கட்டுநர் கொடுத்தேயாக வேண்டிய உத்தரவாதம் அது: வேலைப்பாட்டுக்கு ஓர் ஆண்டு, நீர் புகுதல், மின்சாரம், குழாய் முதலியவற்றுக்கு இரண்டு ஆண்டு, பெருங் கட்டமைப்புக் குறைபாட்டுக்கு ஏழு ஆண்டு. நியூ ஜேர்சியிலும் 1977ஆம் ஆண்டுச் சட்டம் புதுவீட்டுக்கு ஒன்று, இரண்டு, பத்து ஆண்டு என்கிறது. வாங்குவதா விடுவதா என்ற கேள்வியே அங்கில்லை. காலக்கெடுவுக்குள் முறைப்பாட்டுப் படிவத்தை அனுப்புவதுதான் கேள்வி. அதைத் தவறவிட்டு உரிமை இழந்தவர்கள் ஒன்ராறியோவில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள் என்பதை 2019இல் அம்மாகாணக் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை எடுத்துக்காட்டியது. மார்க்கத்திலோ பிரம்டனிலோ புதுவீடு எடுத்தவர்கள் பால்காய்ச்சும் நாளைக் குறிக்கும்போதே அந்த நாட்களையும் நாட்காட்டியில் குறித்து வைப்பது நல்லது.

மருமகள் 2023 ஒக்டோபரில் புதுப்பிக்கவில்லை. தானாகப் புதுப்பிக்காமலிருக்க, முப்பது நாளுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டுமென்று பத்தொன்பதாம் பக்கம் சொன்னது. அந்தக் கடிதத்தையும் நான்தான் எழுதினேன். தம்பிக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. மாதம் 60 டொலர் தனிக்கணக்குக்குப் போகிறது. வீட்டிலுள்ள ஒவ்வோர் இயந்திரத்திலும் அது தயாரிக்கப்பட்ட ஆண்டை வெள்ளை ஒட்டுநாடாவில் எழுதி ஒட்டியிருக்கிறாள். இலையுதிர் காலத் துப்புரவுப் பற்றுச்சீட்டுகள் ஒரு கோப்பில் இருக்கின்றன.

அடுத்த வீட்டில் ஓர் இத்தாலிய மூதாட்டி தனியாக வாழ்கிறார். கணவர் இறந்து பல ஆண்டு. பிள்ளைகள் தூர மாநிலங்களில். அவர் பத்தாண்டுக்கு மேலாக வேறொரு நிறுவனத்துக்கு இந்தப் பணத்தைக் கட்டி வருகிறார். நட்டம்தானே என்று மருமகள் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். "யாரைக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியாது. கூப்பிட்டால் வருபவன் நேர்மையானவனா என்றும் தெரியாது. அங்கே அழைத்தால் யாரோ ஒருவர் வருகிறார். அதற்குத்தான் கட்டுகிறேன்." இதற்கு என் கணக்கில் இடமில்லை. அவருக்கு நான் புத்தி சொல்லப் போகவில்லை. சென்ற முறை போயிருந்தபோது அவருடைய ஒப்பந்தத்தை ஓரிரவு கடன் வாங்கி, ஃபேர்னஸுக்கும் குளிரூட்டிக்கும் உரிய உச்சவரம்பையும், அவசர வேளையில் எத்தனை மணிக்குள் வரவேண்டும் என்ற வரியையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோப்பி தந்தார்.